உலகம் சுற்ற ஒன்றரை ஆள் கணக்கு

மோட்டார் சைக்கிளில் கணவனும் மனைவியுமாக உலகத்தைச் சுற்றிவர எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் பெட்ரோல் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். என் கணவரும் அங்கேதான் தொடங்கினார். ஓராண்டில் 60,000 கிலோமீட்டர், பெட்டிகளும் நானும் ஏறிக்கொண்டால் லிட்டருக்கு 25 கிலோமீட்டர், ஆக மொத்தம் 2,400 லிட்டர், நாட்டுக்கு நாடு விலை மாறினாலும் சராசரியாக லிட்டர் 110 ரூபாய் என்று வைத்தால் 2,64,000 ரூபாய் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்புறத்தில் எழுதிக் காட்டிவிட்டு, "இவ்வளவுதான் விஷயம்" என்று காபியைக் கையில் எடுத்தார். நான் கோவையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்ப்பவள். யாராவது "இவ்வளவுதான்" என்று சொன்னால் மீதி ரசீதுகள் எங்கே என்று கேட்பது எனக்குத் தொழில் பழக்கம்.

அந்த உறையை வாங்கி அதன் கீழேயே இன்னொரு வரி எழுதினேன். இருவருக்கும் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் என்று இறுக்கிப் பிடித்தாலும் ஓராண்டுக்கு 18,25,000 ரூபாய் ஆகிறது. வண்டி குடிப்பதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு நாங்கள் தின்றும் தூங்கியும் தீர்க்கிறோம். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தான் மட்டும் தனியாகப் போனால் இது பாதியாகிவிடும் அல்லவா என்று மிகவும் மெல்லிய குரலில் கேட்டார். திருமணமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்பும் ஒரு மனிதருக்கு இவ்வளவு துணிச்சல் மிஞ்சியிருப்பது வியப்பான செய்திதான்.

ஆகாது என்பதை அவருக்கு எண்களால் காட்டினேன். ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் விடுதி அறைக்குப் பெரும்பாலும் ஒரே வாடகைதான். வண்டி ஒன்றுதான் என்பதால் அதைக் கப்பலில் அனுப்பும் கட்டணமும், எல்லையில் அதற்கு வாங்கும் காப்பீடும் ஒன்றுதான். டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயும், பெட்ரோல் கொஞ்சம் கூடும். விசா, விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு ஆகியவை மட்டுமே முழுதாக இரட்டிப்பாகின்றன. சாப்பாடு இடையில் நிற்கிறது, ஏனென்றால் அவர் தட்டில் மிச்சம் வைப்பதை நானும் நான் மிச்சம் வைப்பதை அவரும் முடித்துவிடுவோம். எல்லாவற்றையும் கூட்டினால், ஒருவருக்கு ஆகும் செலவைப்போல் இருவருக்கு ஒன்றரை மடங்குதான் வருகிறது. "அப்போ நீ அரை ஆள்தானா?" என்றார். யார் அரை ஆள் என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை என்று பதில் சொன்னேன்.

அவர் உடனே தன் ஆதர்ச மனிதரைத் துணைக்கு அழைத்தார். அர்ஜென்டினாவின் எமிலியோ ஸ்காட்டோ 1985இல் புறப்பட்டு 1995 வரை ஒரே ஹோண்டா கோல்டு விங்கில் 7,35,000 கிலோமீட்டர் ஓட்டியவர். அவர் இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டா உட்கார்ந்திருந்தார் என்பது வாதம். நான் கொச்சித் தம்பதியான விஜயன், மோகனா இருவரையும் எதிரில் நிறுத்தினேன். தேநீர்க் கடையின் வருமானத்தில் அன்றாடம் சிறிது சிறிதாகச் சேமித்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊர் சுற்றித் திரும்பி வந்து கடனை அடைத்துவிட்டு, மறுபடியும் கடன் வாங்கிப் போய் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தவர்கள் அவர்கள். கடன் என்ற சொல் காதில் விழுந்ததும் சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "ஏங் கண்ணு, அந்தக் காசுல சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ரெண்டு சென்ட் வாங்கிப் போடலாமில்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். எங்கள் திட்டத்தின் ஒவ்வொரு செலவையும் அன்று முதல் அவர் சென்ட் கணக்கிலேயே அளந்து வருகிறார்.

உண்மையான சங்கடம் நாட்டைவிட்டு வண்டியை வெளியே எடுப்பதில் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. உலகப் படத்தில் இந்தியாவிலிருந்து எல்லாத் திசைகளிலும் சாலைகள் போகின்றன. நடைமுறையில் மேற்கே பாகிஸ்தான் வழி எங்களுக்கு இல்லை, கிழக்கே மியான்மரில் 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு சண்டை ஓயவில்லை, வடக்கே நேபாளத்தைக் கடந்து திபெத்துக்குள் நுழைந்தால் சீன அரசின் விதிப்படி முகவர் ஒருவர் மூலமாக அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அந்த வழிகாட்டியின் சாப்பாடும் படுக்கையும் நம் செலவு. இருவருக்கு ஒன்றரை என்று நான் அரும்பாடுபட்டு நிறுவிய கணக்கில் மூன்றாவது ஆள் நுழைவதை என்னால் ஏற்க முடியவில்லை. இவை போதாதென்று, காலையில் நாளிதழ் படித்து முடிக்கும்போதெல்லாம் எங்கள் பாதையில் ஒரு நாடு குறைந்துவிடுகிறது. ஆகவே, சாலை வழியே உலகம் சுற்றும் பயணத்தின் முதல் கட்டமாக வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றுவது என்று தீர்மானமாயிற்று.

விமானத்தில் சரக்கு ஏற்றுபவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, அதை 6,000ஆல் வகுத்து, வரும் எண்ணை ஒரு கணக்கு எடையாக வைத்துக்கொள்கிறார்கள். உண்மை எடை, கணக்கு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். இதைத் தெரிந்துகொண்ட மாலையில் நாங்கள் இருவரும் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் தையல் டேப்புடன் மண்டியிட்டோம். டேப் 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடுவதால், நீளத்தை அளக்க நான் இருக்கைக்கு நேராக விரலை வைத்துப் பிடித்துக்கொள்ள, அவர் அங்கிருந்து மறுபடியும் தொடங்கினார். உள்ளபடியே பெட்டியில் வைத்தால் 225, 90, 130 என்று வந்தது. 200 கிலோ எடையுள்ள வண்டி கட்டணச் சீட்டில் 439 கிலோவாகிவிடுகிறது. கண்ணாடிகளையும் காற்றுத் தடுப்பையும் முன் சக்கரத்தையும் கழற்றி, கைப்பிடியைக் கீழே இறக்கினால் 205, 80, 110 வரை சுருக்கலாம்; அப்போது 301 கிலோ. நான்கைந்து ஸ்பேனர்களின் உதவியால் 138 கிலோ இளைக்கும் வித்தை வண்டிக்கு மட்டும் கிடைத்திருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அதுவரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த காவலாளி அருகில் வந்து, "வண்டிக்குச் சட்டை தைக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

கப்பல் கட்டணம் இதைவிட மலிவு. ஆனால் போய்ச் சேரும் துறைமுகத்தில் இறக்கு கூலி, கிடங்கு வாடகை, ஆவணக் கட்டணம் என்று வாங்குவது சில நேரங்களில் கப்பல் கட்டணத்தையே மிஞ்சிவிடும் என்பதால், அந்த வரியை மட்டும் எங்கள் தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறோம்.

வண்டிக்குரிய காகிதங்களின் தலைவர் கார்னே என்னும் ஆவணம். நம் வண்டியை அயல்நாட்டுக்குள் கொண்டுபோய் வரி கட்டாமல் விற்றுவிட மாட்டோம் என்பதற்கான உறுதி அது. நம் நாட்டில் மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கத்திடம் பெறலாம், ஓராண்டு செல்லும். எல்லா நாடுகளும் இதைக் கேட்பதில்லை என்றாலும், கேட்கிற ஒரு நாடு வழியில் குறுக்கிட்டால் போதும், எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டாக இருக்கும்: நுழையும்போது ஒன்றையும் வெளியேறும்போது ஒன்றையும் சுங்க அதிகாரிகள் கிழித்துக்கொள்ள, முத்திரை பதித்த அடிக்கட்டை நம்மிடம் தங்கும். அதில் வண்டியின் ஜாதகமே இருக்கிறது. என்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம் ஆகியவற்றோடு, கார்களுக்காக எழுதப்பட்ட படிவம் என்பதால், வானொலிப் பெட்டி உண்டா, இருக்கைகளின் உறை எத்தகையது என்றும் கேட்கிறார்கள். இருக்கை உறை என்ற இடத்தில் என் கணவர் நெடுநேரம் யோசித்து, "உன் பழைய துப்பட்டான்னு எழுதிடவா?" என்றார்.

இந்த ஆவணத்துக்காக வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்து ஒரு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். வங்கியில் எங்கள் விண்ணப்பத்தைப் படித்த அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விசாரித்தார்.

"கேரண்டி எதுக்குங்க?"

"வண்டி திரும்பி வந்துடும்ங்கறதுக்குங்க."

"நீங்க ரெண்டு பேரும்?"

"எங்களுக்கு யாரும் கேரண்டி கேக்கலீங்க."

அவர் அத்தையின் பெயரிலிருந்த ஒரு வைப்புத்தொகைப் பத்திரத்தை மேலும் கீழும் பார்த்தார். உத்தரவாதத்துக்கு ஈடாக அதை வைக்கலாம் என்பதும், அதற்கு அத்தை நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்பதும் அவர் சொன்ன பதில். எங்கள் திட்டத்தில் கடக்க வேண்டிய எல்லைகளுள் கடினமானது எது என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆனாலும் அலுவலரிடம் நான் சொன்னது முழு உண்மையல்ல. மனிதர்கள் திரும்பி வருவார்களா என்ற கவலை விசா அலுவலகங்களுக்கு நிறையவே உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ; அதற்கு மேல் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், பயணத் திட்டம், தங்குமிடச் சான்று. போகவர டிக்கெட் எங்கே என்ற கேள்விக்கு, நாங்கள் வண்டியில் வந்து வண்டியிலேயே போய்விடுவோம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியைப் பலரும் குறை சொல்வார்கள். எங்கள் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்த் திட்டம் அங்கே படப்போகும் பாட்டை நினைத்தால், அது நம்மீதுள்ள அக்கறையால் போட்ட விதியாகவே தோன்றுகிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். ஊசியைவிட ரயிலுக்கும் ஆட்டோவுக்கும்தான் அதிகம் கொடுத்தோம். ஆனாலும் கோப்பில் இருக்கும் காகிதங்களில் புதுப்பிக்கத் தேவையில்லாமல் ஆயுள் முழுவதும் செல்லுபடியாவது அந்த மஞ்சள் அட்டை ஒன்றுதான் என்பதால், அதன்மீது எனக்குத் தனி மரியாதை.

காகிதத்தில் போட்ட கணக்கு சாலையில் நிற்குமா என்று பார்க்க, முழுச் சுமையுடன் தனுஷ்கோடி வரை ஒரு வெள்ளோட்டம் போனோம். உள்ளூர் என்பதால் இருவருக்கும் நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்பது வரம்பு. ஹெல்மெட்டுகளுக்குள் பொருத்தும் இன்டர்காம் கருவிக்கு அவர் கொடுத்த விலை எனக்கு உறுத்தலாக இருந்தது. பேசாமல் வருவதற்குக் காசில்லையே என்று சொல்லியும் பார்த்தேன். தாராபுரத்தைத் தாண்டும் வரை அந்தக் கருவியின் விலை சரிதானா என்பதை அந்தக் கருவியின் வழியாகவே விவாதித்துக்கொண்டு போனோம். ஒலி மிகத் தெளிவாக இருந்தது. இருசக்கர வாகனங்களுக்குச் சுங்கச்சாவடியில் கட்டணம் இல்லை என்பதால், ஒவ்வொரு சாவடியைக் கடக்கும்போதும் அவர் "மிச்சம்" என்று அறிவித்துக்கொண்டே வந்தார்.

அந்த மிச்சங்கள் அத்தனையும் மதுரையில் கரைந்தன. ஆளுக்கு ஒரு பன் பரோட்டா என்று தொடங்கிய இரவு உணவு, கறி தோசையைக் கடந்து, பெரிய ஜிகர்தண்டா இரண்டில் வந்து நின்றபோது வரம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. மறுநாள் ராமேஸ்வரத்தில் என் கணவர் இரு கைகளாலும் தூக்க வேண்டிய ஒரு சங்கை வாங்கி வந்து, இதை எந்தத் தலைப்பில் எழுதப் போகிறாய் என்று கேட்டார். அவரே ஒரு யோசனையும் சொன்னார்: இன்டர்காம் பழுதானால் உதவுமாம்.

அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். எதிரே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 1964 புயலுக்கு முன்பு எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, கொழும்பு வரை போய்க்கொண்டிருந்தார்கள். இன்றோ நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் பயணிகளுக்கு மட்டும்தான், வண்டிக்கு இடமில்லை. கரையில் நின்றபடியே என் கணவர் கைபேசியை எடுத்து, அந்த 30 கிலோமீட்டருக்கு வண்டியைப் பெட்டியில் அடைத்துச் சரக்குக் கப்பலில் அனுப்பினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு விழும் என்று கணக்கிட்டார். விடை வந்ததும் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாங்காய் வாங்கப் போய்விட்டார்.

ஊர் திரும்பியதும் வைப்புத்தொகை விவகாரத்தை அத்தையிடம் பக்குவமாகச் சொன்னோம். வண்டி ஒழுங்காகத் திரும்பி வந்தால் பணத்துக்கு ஆபத்தில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், முதல் கட்டத்தில் நேபாளம் உண்டா என்று விசாரித்தார். கப்பலில் ஏற்றுவதற்கு முன் ஒத்திகையாக அங்கே ஒரு முறை போய்வர எண்ணம் இருப்பதாகவும், இந்திய வண்டிகளுக்கு எல்லையில் நாள் கணக்கில் கட்டணம் கட்டினால் போதும் என்றும் சொன்னோம். அப்படியானால் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத்துக்குத் தன்னையும் அழைத்துப் போக வேண்டும், காத்மாண்டு வரை தான் விமானத்தில் வந்துவிடுவதாகவும், அங்கிருந்து ஜீப் பிடித்துக் கொடுத்தால் போதும் என்றும் நிபந்தனை வைத்தார். எக்செல் தாளில் அவருக்காக ஒரு புதிய பத்தியைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அடகில் இருந்தாலும் அந்த டெபாசிட்டுக்கு வட்டி வருமா, வந்தால் அது யாருக்கு என்று கேட்டார். உங்களுக்குத்தான் அத்தை என்றேன். வரவு செலவுத் திட்டம் என்று தலைப்பிட்டிருந்த அந்தத் தாளில் வரவு என்ற கட்டத்தில் முதன்முதலாக ஓர் எண் ஏறியது. அதுவும் அவர் பத்தியில்.