வேலந்தாவளத்துக்கு அப்பால் ஓர் ஓய்வுநாள்

வெள்ளிக்கிழமை பிற்பகல் கோவை உக்கடத்தில் பஸ் ஏறினேன். கேரள எல்லையில் வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயலில் நிற்பவரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரும் தமிழே பேசுகிறார்கள். கேரளம் என்றதும் தென்னையைத் தேடும் கண்ணுக்கு இங்கே பனைதான் கிடைக்கும். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில், செம்மணல் தேரிக்காட்டில் வளர்ந்த எனக்கு அது போதும், பாதி ஊருக்கு வந்துவிட்ட மாதிரி.

நான் தேடிப் போனவர் எல்லையோரக் கிராமத்தில் ஒரு சிறிய அட்வென்டிஸ்ட் சபையின் மூப்பர், அதாவது போதகர் இல்லாதபோது சபையை நடத்தும் உள்ளூர்க்காரர். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் கிறிஸ்தவர்கள் அட்வென்டிஸ்டுகள். பொழுது சாய்வதற்குள் வீடு கூட்டி, சமையல் முடித்து, விளக்கேற்றியிருந்தார்கள். வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்கும் ஓய்வுநாள் சனி அஸ்தமனத்தில்தான் முடியும். காபி, தேநீர் இல்லாத வீடு. சூடாகச் சீரகத் தண்ணீர் வந்தது. பாட்டும் ஜெபமும் முடிந்த பிறகு, சபைக்கு வந்துபோன போதகர்களின் பெயர்கள் எழுதிய நோட்டைக் கேட்டேன்.

“அதில் கட்டடக் கணக்கும் இருக்கிறது தம்பி. நாளை பொழுது இறங்கட்டும்” என்றார்.

எனவே காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் பேச்சு எங்கள் ஊருக்குப் போனது. நாசரேத்துக்கு அடுத்த பிரகாசபுரத்தில் 1857-ல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை ஐரோப்பிய மிஷனரிகளை விட்டு விலகி இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். மிஷனரி கால்டுவெல் 1849-ல், இன்று நாடார் எனப்படும் சாணாரைத் தாழ்த்தி எழுதிய நூல் அந்த மக்களுக்கு ஆறாத புண். சட்டாம்பிள்ளை வெள்ளைக்காரர் வழியாக அல்லாமல் வேதத்தை நேராகப் படித்தார். பழைய ஏற்பாட்டு வழக்கங்களை எடுத்துக்கொண்டார். அவருடைய சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது. அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை முறைப்படி அமைந்ததோ 1863-ல். 1908-ல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற மிஷனரி அந்தப் பக்கம் குடியேறியபோது, அவர் சொல்ல வந்த ஓய்வுநாள் ஏற்கெனவே பனங்காட்டுக்குள் இருந்தது. சபை வரலாறு பேசுவோர் கப்பலில் இறங்கியவர்களிடமிருந்தே கதையைத் தொடங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. சட்டாம்பிள்ளை அட்வென்டிஸ்ட் ஆகவில்லை, சரிதான். ஆனால் கேட்கும் காதுகளை யார் பழக்கி வைத்தார்கள்?

கப்பலில் வந்தவர்களிலும் முதல்வர்கள் போதகர்கள் அல்லர். 1893-ல் சென்னையில் இறங்கிய லெங்கரும் ஸ்ட்ரூப்பும் புத்தகம் விற்ற ஊழியர்கள். மூப்பரின் தகப்பனாரும் அதே ஊழியம் செய்தவர். தோளில் பை, கையில் புத்தகம், வீடு வீடாக நடை.

கோவைக்கும் இதில் பங்கு உண்டு. போதகர்களைப் பயிற்றுவிக்க ஜி. ஜி. லோரி 1915-ல் பள்ளி தொடங்கியது அங்கேதான். இரண்டே ஆண்டில் அது பெங்களூருக்குப் போய்விட்டது. 1942-ல் புனே சென்றது. ஸ்பைசர் என்ற பெயரில் இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது. அது கோவையில் பிறந்தது என்று கோவைக்காரர்களிடம் சொன்னால் வியக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஓய்வுநாள் பள்ளியில் முப்பது பேர் இருக்கலாம். பாடம் தமிழில், போதகர் மலையாளி. அன்று அவர் வேறொரு சபையில் இருந்ததால் மூப்பரே பிரசங்கித்தார். இந்தச் சபையில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, உள்ளூரில் தங்குவதில்லை. மேலே உள்ள நிர்வாகத்துக்குப் போய், அங்கிருந்து எல்லாப் போதகர்களுக்கும் சம்பளமாகத் திரும்புகிறது. முப்பது பேர் மட்டும் கூடும் இடத்துக்கும் போதகர் வருவது அதனால்தான். சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவதும் அதனால்தான். சபை நிர்வாகத்தில் தமிழ்நாடு ஒரு யூனியன் என்ற பிரிவிலும் கேரளம் இன்னொன்றிலும் இருப்பதால், தமிழ் பேசும் இந்தச் சபைக்கு ஆணைகள் மேற்கிலிருந்து வருகின்றன. போதகர்கள் வருவார்கள், போவார்கள். கதவைத் திறப்பவர் மூப்பர். பெருக்கி, பாய் விரித்து, பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லித் தருபவர் அவர் மனைவி. வளர்ச்சி என்று அறிக்கைகளில் எழுதப்படுவதை நான் இவர்கள் கைகளில்தான் பார்த்தேன்.

பொழுது இறங்கியது. ஜெபம் முடிந்ததும் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. மீதியில் போதகர்கள் தாங்களே எழுதிய வரிகள்: பெயர், சொந்த ஊர், வந்த நாள், போன நாள். சில தமிழில், பிறகு தொடர்ந்து மலையாளத்தில், நடுவே ஒருவர் தெலுங்கில் கையெழுத்திட்டிருந்தார். இடையிடையே செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி.

தகப்பனாரின் பெயரைத் தேடினேன்.

“அப்பா போதகர் இல்லையே தம்பி” என்றார்.

கொத்தனார் கூலிக்குக் கீழே ஒரு வரியைக் காட்டினார். புத்தகம் விற்ற பணத்தில் அவர் கொடுத்த காணிக்கை, இரண்டு ரூபாய். பெயர் இல்லை, ‘புத்தக ஊழியர்’ என்று மட்டும் இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் டார்ச் பிடித்துக்கொள்ள, பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன்.