பன்னிரண்டு வாசல் நீளத்துக்கு ஒரு பாட்டு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, அதாவது குடும்பத்துக்கு ஓர் அறை. ஒவ்வொன்றும் பத்தடி அகலம். எங்களுடையது முதலாவது, பள்ளிக்கூடத்துப் பாதை இறங்குவதோ கடைசிக் காம்பராவுக்கு அந்தப் பக்கம். எல்லா வீட்டு இஸ்தோப்பையும், அதாவது முன் திண்ணையையும், கடந்துதான் போக வேண்டும். அந்த நேரத்துக்கு அம்மா, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியிருப்பார்.

நான் சொல்வது 1982, 83. லயத்தில் ஐந்து வீட்டில் ரேடியோ. ஐந்திலும் இலங்கை வானொலி, 'பொங்கும் பூம்புனல்'. ஒரு வாசலில் காதில் விழுந்த இசை அடுத்த வாசலிலும் அறுபடாமல் கூட வரும். யார் வீட்டிலாவது பெட்டரி தீர்ந்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் பாட்டில் ஓட்டை விழும். பெட்டரியைக் கூரைத் தகரத்தில் வெயில் காயவைப்பார்கள். மறுநாள் கொஞ்சம் உயிர் வந்திருக்கும்.

கடைசி வாசல் தாண்டியதும் பாதை தேயிலைக்குள் சட்டென்று இறங்கிவிடும். சத்தம் மேலேயே நின்றுபோகும். அதனால் எத்தனையோ பாட்டுகளில் எனக்குத் தெரிந்தது பாடகர் வாய் திறப்பதற்கு முந்திய இசை மட்டும்தான்.

'பயணங்கள் முடிவதில்லை' வந்த வருஷம் 'இளைய நிலா'வின் கிட்டார் எங்கள் லயத்தை நிறைத்தது. இளையராஜா அந்தத் தொடக்கத்தை எங்கள் 120 அடிக்கு அளந்து போட்டாரோ என்று இருக்கும். எஸ்.பி.பி.யின் குரல் வருவதற்கும் என் கால் சரிவில் இறங்குவதற்கும் சரியாக இருக்கும். நேரமாகிவிட்டாலும் அன்றைக்கு நான் ஓடமாட்டேன்.

ஆனி, ஆடி மழையில் 'நெஞ்சம் மறப்பதில்லை' கேட்டதை எப்படிச் சொல்வது? 1963இல் வந்த படம், மறுபிறவிக் கதை, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று தெரிந்தது சுசீலாவின் ஹம்மிங் மட்டும். மூடுபனியில் வாசல் எதுவும் தெரியாது. தலையில் மடித்துப் போட்ட உரச்சாக்கில் மழை சொட்டும். அந்தக் குரல் மட்டும் பக்கத்திலேயே நடந்து வரும். இன்று எங்கே கேட்டாலும் எனக்கு ஈரச்சாக்கு மணக்கிறது.

என் மகன் போனில் தொடக்க இசையை விரலால் தள்ளிவிட்டு நேரே பாட்டுக்குப் போவான். எனக்கு அது பொறுப்பதில்லை. வீட்டுக்குள் கூப்பிடும் முன்பே கதவை உதைப்பது போல இருக்கும்.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். போனில் 'இளைய நிலா' போட்டேன். கிட்டார் தொடங்கியதும் அம்மா கையை நிறுத்தாமலே "டுடுங் டுடுங் டுங்" என்று கூடவே முனகினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என்னுடைய டுடுங். மலையிலிருந்து வந்து அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டிருக்கும் அம்மாவிடம், காலையில் கேட்டதை அப்படித்தான் வாயாலேயே வாசித்துக் காட்டுவேன். நான் அதை அடியோடு மறந்துவிட்டிருந்தேன்.

குரல் வந்ததும் அம்மா நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, பாடுங்களேன்."

"நீ இதுவரைக்குந்தானே பாடுவ" என்றார்.