மெஸ்தியாவிலிருந்து உஷ்குலிக்கு: ஸ்வனேத்தி நடைக் குறிப்புகள்

9 செப்டம்பர் 2024, திங்கள். சுக்தீதி

ஜார்ஜியாவின் வடமேற்கு மூலையில், காகசஸ் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது ஸ்வனேத்தி. அங்குள்ள மெஸ்தியா என்ற சிற்றூரிலிருந்து உஷ்குலிக்கு மலைப்பாதையில் நான்கு நாள் நடை. தலைநகர் திபிலிசியிலிருந்து அங்கே போக மூன்று வழிகள். நத்தாக்தாரி என்ற சிறு விமான நிலையத்திலிருந்து மெஸ்தியாவுக்குக் குட்டி விமானம் பறக்கிறது. ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்குக் கிளம்பாது. திரும்பி வருவதற்கு இதை நம்பி, மறுநாளே நாடு திரும்பும் டிக்கெட் போட்டு வைக்கக் கூடாது. இரண்டாவது, நேரடி மர்ஷ்ருத்கா. அதாவது ஷேர் வேன்; எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். மூன்றாவது, இரவு ரயிலில் சுக்தீதி வந்து, அங்கிருந்து வேனில் மூன்று மணி நேரம். முதுகு பிழைக்க வேண்டுமானால் மூன்றாவதுதான்.

விடியற்காலை ரயிலுக்காகவே மெஸ்தியா வேன்கள் காத்து நிற்கும். இருக்கை நிரம்பியதும் புறப்படும். இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், எங்குரி நீர்த்தேக்கம் அந்தப் பக்கம்தான். 271.5 மீட்டர் உயரமுள்ள எங்குரி அணை உலகின் மிக உயரமான வளைவு அணைகளில் ஒன்று. அணை ஜார்ஜியாவின் கையில், மின்சாரம் எடுக்கும் நிலையம் அப்காசியாவின் கையில். சண்டை போட்டுப் பிரிந்த இரு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேசிக்கொண்டே இருக்கின்றன. அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். குமட்டல் வரும் உடம்புக்காரர்கள் மாத்திரையைச் சுக்தீதியிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

10 செப்டம்பர், செவ்வாய். மெஸ்தியா, சுமார் 1,500 மீட்டர்

இங்கே முடிக்க வேண்டிய வேலைகளில் முதலாவது பணம். நடைபாதைக் கிராமங்களில் ஏடிஎம் கிடையாது, கார்டும் செல்லாது என்றே கணக்கு வையுங்கள். இரவு உணவும் காலை உணவும் சேர்த்துக் கெஸ்ட் ஹவுஸில் 2024இல் ஆளுக்கு 80 முதல் 120 லாரி (ஜார்ஜிய நாணயம்) வரை ஆனது. ஒரு லாரி அப்போது ஏறக்குறைய 31 ரூபாய். வழியில் ஆற்றைக் கடக்க உதவும் குதிரைக்காரருக்கு, தேவாலயச் சாவி வைத்திருப்பவருக்கு, திரும்பும் வேனுக்கு என்று 10, 20 லாரி நோட்டுகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். நூறு லாரி நோட்டை நீட்டினால் ஆற்றங்கரையில் யாரிடமும் சில்லறை இருக்காது. சிம் கார்டு மாக்தி நிறுவனத்தினுடையதாக இருந்தால் மலையில் ஓரளவு சிக்னல் வரும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

ஸ்வனேத்தி வரலாறு, இனவியல் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்து வந்து கதவைத் தட்டுபவர்கள் அதிகம். எதிரிப் படைகள் சமவெளிக்குள் நுழைந்த காலங்களில் தேவாலயச் செல்வங்களை இந்த மலைக்கு அனுப்பிப் பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு பெரிய சேகரிப்பு. ஆதிஷி நற்செய்திச் சுவடியைத் தவறவிடாதீர்கள். 897ஆம் ஆண்டு எழுதப்பட்டது. ஆண்டு குறிக்கப்பட்ட ஜார்ஜிய நற்செய்திச் சுவடிகளில் இதற்கு மூத்தது இல்லை. அந்த ஆதிஷி கிராமம் நடைபாதையிலேயே வருகிறது.

அடுத்து, மாச்சுபி எனப்படும் பழைய ஸ்வான் வீடு ஒன்றின் உட்புறம். மெஸ்தியாவில் வீட்டுக் காட்சியகங்களே இருக்கின்றன. ஒரே பெரிய அறை, நடுவில் அடுப்பு. தீப்பொறி கூரைக்குப் போகாமலிருக்க அடுப்புக்கு மேலே கல்பலகை தொங்கும். சுவரோரம் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தடுப்புகளுக்குள் மாடுகள், அவற்றின் மேல்தட்டில் மனிதர்களின் படுக்கை. ஆறு மாதப் பனியில் மாட்டின் உடல்சூடும் வீட்டுக்குத் தேவைப்பட்டது. வீட்டை ஒட்டி எழுவதுதான் கோபுரம்: 20 முதல் 25 மீட்டர், நான்கைந்து தளம், மேலே போகப் போகச் சுவர் மெலியும். வாசல் தரையில் இல்லை, ஆளுயரத்துக்கு மேலே. ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டால் யாரும் ஏற முடியாது. குடும்பப் பழிவாங்கல்கள் தலைமுறை தலைமுறையாக நீண்ட ஊர் இது. பெரும்பாலான கோபுரங்கள் 9 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. ஏறுவதானால் கைகள் காலியாக இருக்கட்டும், பையைக் கீழே வைத்துவிடுங்கள். உள் ஏணிகள் செங்குத்தானவை, மேல்தளத் துளை ஒருவர் நுழையும் அளவுதான்.

11 செப்டம்பர், புதன். மெஸ்தியா – ஜபேஷி, 16 கி.மீ.

எளிய நாள், ஐந்தாறு மணி நேரம். ஊரைவிட்டு ஏறி ஒரு மேட்டைக் கடந்து முலாகி பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் உஷ்பாவின் இரட்டைச் சிகரம், 4,710 மீட்டர், முன்னால் தெத்னுல்தி. பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பு வெள்ளை அடையாளம் இருக்கிறது. கிராமங்களுக்குள் அது மறைந்துவிடும், வேலிச் சந்துகளில் வரைபடம்தான் துணை.

சாப்பாட்டைப் பற்றி இன்றே சொல்லிவிடலாம். சைவம் சாப்பிடுபவர்கள் இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தஷ்மிஜாபி என்பது வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியை அடுப்பிலேயே போட்டு, இழை இழையாக நீளும்வரை கிண்டுவது. ஆறினால் ரப்பராகிவிடும், தட்டில் விழுந்ததும் சாப்பிட வேண்டும். ச்விஷ்தாரி, சீஸ் சேர்த்த மக்காச்சோள ரொட்டி. லோபியோ, ராஜ்மா குழம்பு. 'சமர்க்வோ' என்று சொன்னால் நோன்புச் சமையல் என்று புரிந்துகொண்டு பால், முட்டை, இறைச்சி மூன்றையும் விலக்கிவிடுவார்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் குழப்பம் வரலாம். கவனிக்க வேண்டியது குப்தாரி. வெளியிலிருந்து பார்த்தால் சீஸ் ரொட்டியான கச்சாபுரியேதான். உள்ளே மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ பொடியாக நறுக்கி வைத்திருப்பார்கள். பிய்ப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் விழுவது ஸ்வான் உப்பு. வீட்டில் செய்து பார்க்க: கல்லுப்பு 100 கிராம், உரித்த பூண்டு 30 கிராம், கொத்தமல்லி விதைத் தூள், நீல வெந்தயத் தூள் தலா 10 கிராம், சதகுப்பை விதைத் தூள் 10 கிராம், மிளகாய்த் தூளும் காய்ந்த துலுக்கச் சாமந்தி இதழ்த் தூளும் தலா 5 கிராம். பூண்டை உப்போடு சேர்த்து இடித்துவிட்டுப் பிறகு மற்றவற்றைக் கலக்க வேண்டும். பூண்டின் ஈரம் இருக்கும்போதே புட்டியில் அடைத்தால் கட்டி தட்டும். தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தி அடையுங்கள். நம் வெந்தயம் இதற்குச் சரிப்படாது, கசப்பு தூக்கலாகிவிடும். நீல வெந்தயத்தின் கசப்பு மென்மையானது. மெஸ்தியா கடைகளில் தனியாகவே விற்கிறார்கள்.

12 செப்டம்பர், வியாழன். ஜபேஷி – ஆதிஷி, 11 கி.மீ.

தூரம் குறைவு, ஏற்றம் கடுமை. முதல் இரண்டு மணி நேரம் காட்டுக்குள் ஒரே ஏற்றம், நேற்று மழை பெய்திருந்தால் களிமண் சறுக்கும். நடைக்கம்பு இல்லாமல் வருபவர்கள் இன்றைக்குத்தான் வருந்துகிறார்கள். காடு முடிந்ததும் தெத்னுல்தி பனிச்சறுக்கு மையத்தின் இழுவைக் கம்பங்களும் புல்டோசர் பாதையும் குறுக்கிடும். அழகான இடமில்லை, வேகமாகக் கடந்துவிடலாம்.

செம்மறி மந்தை தெரிந்தால் சுற்றிப் போங்கள், நடுவே புகாதீர்கள். மேய்ப்பர் நாய்கள் மந்தைக்கும் உங்களுக்கும் இடையில் வந்து நிற்கும். ஓடாமல், கம்பை ஓங்காமல் நின்று, மேய்ப்பரைக் கூப்பிட வேண்டும். ஊர் நாய்கள் வேறு ரகம். மெஸ்தியாவிலிருந்தே கூட நடந்து வரும், பிஸ்கெட் ஒன்றே அவற்றின் எதிர்பார்ப்பு.

ஆதிஷி சுமார் 2,040 மீட்டரில். 1987 குளிர்காலப் பனிச்சரிவுகளுக்குப் பிறகு ஸ்வனேத்தியின் பல குடும்பங்கள் சமவெளிக்குக் குடிபெயர்ந்தன, ஆதிஷியும் ஏறக்குறையக் காலியானது. இன்று இங்கே விளக்கெரிவது நடைப்பயணிகளால்தான். பாதி இடிந்த கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே தகரக்கூரை கெஸ்ட் ஹவுஸ்கள். ஜூலை, ஆகஸ்டில் மாலை ஐந்துக்கு மேல் வந்து படுக்கை கேட்பது ஆபத்து. முந்தைய ஊர் வீட்டம்மாவிடம் சொன்னால் போன் போட்டு இடம் பிடித்துக் கொடுப்பார். அவர்களுக்குள் உறவுமுறை உண்டு, வேலை எளிதில் முடியும். குதிரை விஷயத்தையும் இன்றிரவே இங்கே பேசி முடிக்க வேண்டும்.

13 செப்டம்பர், வெள்ளி. ஆதிஷி – இப்ராரி, சுமார் 18 கி.மீ.

இந்தப் பாதையை மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி நோக்கித்தான் நடக்க வேண்டும், எதிர்த்திசையில் கூடாது என்பதற்கான காரணம் இன்றைக்கு. ஆதிஷ்ச்சாலா ஆற்றுக்குப் பாலம் இல்லை. பனியாற்றின் அடியிலிருந்து நேரே வரும் தண்ணீர். வெயில் ஏற ஏறப் பனி உருகும், உருகிய நீர் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் விடியலில் ஆறு மிகக் குறைவு, பிற்பகல் கடைசியில் மிக அதிகம். ஆதிஷியிலிருந்து காலை ஏழுக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் கரை சேரலாம். உஷ்குலியிலிருந்து வருபவர்களோ கணவாயைக் கடந்து பிற்பகலில், தண்ணீர் உச்சத்தில் இருக்கும்போது வந்து நிற்பார்கள். அப்போது குதிரைக்காரரும் வீடு போயிருப்பார்.

குதிரையில் போனால் இரண்டு நிமிட வேலை. கட்டணம் ஆளுக்கு; ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடந்து கடப்பதானால் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடத்தைத் தேட வேண்டும். ஒடுங்கிய இடம் சுலபமாகத் தெரியும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை உங்களை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வெறுங்கால் வேண்டாம்: அடியில் உருளும் கற்கள், ஐஸ் குளிர், அரை நிமிடத்தில் பாதம் மரத்துவிடும். நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கம்பை ஊன்றி, ஒரு சமயத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்திப் பக்கவாட்டில் போக வேண்டும். முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். மழை பெய்த இரவுக்கு மறுநாள் இந்த முயற்சியே வேண்டாம்.

அக்கரையில் சுந்தேரி கணவாய்க்கு ஏற்றம், சுமார் 2,700 மீட்டர். ஏறும்போது இடப்பக்கம் ஆதிஷி பனியாறு முழுதாகத் தெரியும். பனிப்பாளங்கள் உடைந்து விழும் சத்தம் கேட்கும். ஜூன் தொடக்கத்தில் கணவாயில் பனி மிச்சமிருக்கும். கோடையில் பிற்பகல் இடி மழை வாடிக்கை, ஒரு மணிக்குள் உச்சியைத் தாண்டிவிட வேண்டும்.

இறங்கும் பள்ளத்தாக்கில் ஹல்தே. 1876இல் ரஷ்யப் பேரரசின் படை, வரி எதிர்ப்புக் கிளர்ச்சியை அடக்க இந்தக் கிராமத்தைத் தரைமட்டமாக்கியது. இப்போது ஓரிரு வீடுகள், தேநீர் கிடைக்கும். அங்கிருந்து இப்ராரிக்கு வண்டிப் பாதை, சலிப்பூட்டும் நீளம்.

14 செப்டம்பர், சனி. இப்ராரி – உஷ்குலி, சுமார் 11 கி.மீ.

பெரும்பாலோர் இப்ராரியில் தூங்கிவிட்டு ஏழு மணிக்கே ஓடிவிடுகிறார்கள். தவறு. இங்கிருக்கும் தேவதூதர் தேவாலயத்தின் சுவரோவியங்கள் 1096இல் தெவ்தோரே என்ற ஓவியர் தீட்டியவை. தன்னை 'மன்னரின் ஓவியர்' என்று சுவரெழுத்தில் குறித்துக்கொண்டவர். தேவாலயம் பத்துப் பேர் நின்றால் நிரம்பிவிடும் அளவு. பூட்டியிருக்கும், சாவி கிராமத்தில் ஒருவரிடம், கெஸ்ட் ஹவுஸில் முந்தைய இரவே கேட்டு வைக்க வேண்டும். பெண்கள் தலையை மூடவும் பாவாடையோ சால்வையோ சுற்றிக்கொள்ளவும் துணி எடுத்துச் செல்லுங்கள், ஆண்களுக்கு அரைக்கால் சட்டை ஆகாது. பிளாஷ் போட்டுப் படம் எடுப்பது நிறத்தைக் கெடுக்கும். போன் வெளிச்சம்கூட வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்துச் சில நிமிடம் பொறுத்தால் கண் பழகி, உருவங்கள் தெளியும். அதே தெவ்தோரே காலா பகுதியின் லாகுர்கா தேவாலயத்தையும் தீட்டினார். ஜூலை 28 அன்று அங்கே க்விரிகோபா திருவிழா. அந்த வாரம் வருபவர்கள் படுக்கையை வெகு முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.

உஷ்குலிக்குக் கார் சாலையில் போகாமல் தவ்பேரி வழியே மேல்பாதையில் போங்கள். நேரம் கூடும், புழுதி இருக்காது.

15 செப்டம்பர், ஞாயிறு. உஷ்குலி, சுமார் 2,100 மீட்டர்

உஷ்குலி என்பது ஓர் ஊரல்ல: முர்க்மேலி, சாஜாஷி, ச்விபியானி, ஜிபியானி என்ற நான்கு. 1996இல் யுனெஸ்கோ மேல் ஸ்வனேத்தியைப் பட்டியலில் சேர்த்தபோது குறிப்பாகச் சுட்டியது சாஜாஷியை. இருநூறுக்கும் மேற்பட்ட பழங்கட்டடங்கள் அங்கே. மெஸ்தியாவிலிருந்து ஒரு நாள் சுற்றுலா வேன்கள் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு வந்து மூன்று மணிக்குத் திரும்பும். அந்த மூன்று மணி நேரமும் இங்கே நெரிசலும் காபிக் கடையும்தான். சாஜாஷியைக் காலை ஒன்பதுக்கு முன் பாருங்கள். சாணம் மிதிக்காத சந்து இல்லை, பழைய செருப்பு போதும். ஜிபியானிக்கு மேலே மேட்டில் லமாரியா தேவாலயம், அதற்குப் பின்னால் ஷ்காரா. 5,193 மீட்டர், ஜார்ஜியாவின் உச்சி.

வேன்கள் நிற்கும் நேரத்தில் ஷ்காரா பனியாற்றுக்கு நடக்கலாம், போக 8 கி.மீ., பெரும்பாலும் சமதளம். கடைசிப் பகுதி பாறைக் குவியல். பனியாற்றின் முகப்புக்கு அருகே போகாதீர்கள். வெயிலில் மேலிருந்து கற்கள் உருளும்.

திரும்பும் வேன் 45 கி.மீ.யை இரண்டு மணி நேரத்தில் கடக்கும். ஆனால் வந்த வேன்கள் வந்தவர்களையே ஏற்றிக்கொண்டு போகும், காலி இருக்கை எத்தனை என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். முந்தைய இரவே வீட்டுக்காரரிடம் சொல்லி ஓட்டுநரை உறுதி செய்யுங்கள். ஒரு வழிக்கு எவ்வளவு என்று தெளிவாகக் கேளுங்கள். போக வர உள்ள கட்டணத்தையே சிலர் சொல்வார்கள். மூன்று மணி வண்டியை விட்டால் அடுத்தது முழு வாடகை ஜீப்தான். பலத்த மழைக்குப் பின் சாலையில் மண் சரியும், சுக்தீதி இரவு ரயிலுக்கு அன்றே டிக்கெட் போடாமல் மெஸ்தியாவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.