அழகன்குளம் மேடும் அரியமான் கடலும்

ராமநாதபுரம் பக்கத்தில் பழந்தமிழ்த் துறைமுகம் இருந்த அழகன்குளத்துக்கு நேரே போய் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 1986-87 முதல் பலமுறை அகழ்ந்த கோட்டைமேடு, இன்று பார்வைக்கு வெறும் மண்மேடு. அதனால் ராமநாதபுரம் அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசத்தில் தொடங்குங்கள். தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் அங்கேதான் இருக்கிறது.

அங்குள்ள பானை ஓட்டுச்சில்லுகளை அவசரப்படாமல் பாருங்கள். யவனர் (கிரேக்க, ரோமானியர்) கப்பல்களில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிக்குத் தடித்த இரண்டு கைப்பிடி, கூம்பிய அடி. தரையில் தானாக நிற்காது. கீழ்வரிசைச் சாடிகளின் இடுக்கில் மேல்வரிசையின் அடியைச் செருகிக் கப்பலில் அடுக்கத்தான் அந்த வடிவம். ரௌலட்டட் தட்டு வேறு. உள்ளடியில் வட்டவட்டமாகப் பொடிக் கீறல்கள் ஓடும். இதையும் ரோமானியச் சரக்கு என்று இன்னமும் எழுதுகிறார்கள், தவறு. களிமண்ணைச் சோதித்ததில் இந்தியாவில் வனைந்தது என்று தெரிந்துவிட்டது. ரோமானியக் காசுகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் அழகன்குளத்தில் கிடைத்திருக்கின்றன. கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்றும் உண்டு. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

இதன்பிறகு பனைக்குளம் வழியாக மேட்டுக்குப் போனால், ஏன் இங்கே துறைமுகம் அமைந்தது என்பது விளங்கும்: வைகை கடலைத் தொடும் இடம் பக்கத்து ஆற்றங்கரை. மழைக்குப் பின் சில்லுகள் மேலே தெரியும். தயவுசெய்து எடுக்காதீர்கள். எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். இடம் மாறிய ஓடு பேசாது.

குளிக்க, ராமேஸ்வரம் சாலையில் இடப்பக்கம் பிரியும் அரியமான் கடற்கரை. சவுக்கு நிழல், ஆழமில்லாத பாக் நீரிணை. ஆனால் காற்றைப் பார்த்துப் போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கையில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், அரியமான் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் இந்தப் பக்கம்தான் கலங்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எந்த மாதமும் இறங்க வேண்டாம். இரு கடல் நீரோட்டமும் காலடி மணலையே அரித்து இழுக்கும்.

கலங்கிய நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிவிடும். மிதித்து முள் குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சுடுநீரில் காலை அரைமணி நேரமாவது வையுங்கள், சூட்டில் விஷம் சிதையும். உள்ளே முள் ஒடிந்திருக்கலாம் என்பதால் வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள்; நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் கொட்டுசெல்கள் மீண்டும் வெடிக்கும்.