நெடுந்தீவுத் தரவையில் குருவி பார்க்கப் போனது

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குதிரை பார்ப்பார்கள், பெருக்க மரப் (பாவோபாப்) பொந்துக்குள் நுழைந்து படம் எடுப்பார்கள், அடுத்த லாஞ்சில் திரும்பிவிடுவார்கள். நான் இந்த முறை போனது தரையோடு திரிகிற சின்னக் குருவிகளுக்காக. மாரி மழை விட்டு, தரவை என்கிற புல்வெளியில் பச்சை இன்னும் மிச்சம் இருக்கிற மாசி மாதம்தான் இதற்குத் தோது. ஆடி ஆவணியில் போனால் வெடித்த மண்ணும் தண்ணீருக்கு அலையும் குதிரைகளும்தான்.

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதுமே ஜன்னல் பக்கம் கணக்குத் தொடங்கிவிட்டது. சாம்பல் நாரை, சின்னக் கொக்கு, தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும் மீசை ஆலா. குறிகட்டுவான் துறையில் லாஞ்சு ஏறி ஒரு மணித்தியாலம்போல. கடலில் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஆப்பிரிக்கச் சவன்னாவைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்தத் தரவை புதிதாகத் தெரியாது. கண்ணுக்கு எட்டும் தூரம் புல், இடையிடையே பற்றை, எங்கேயோ ஒரு பனைக்கூட்டம். பெருக்க மரம் பிறந்ததே அந்தப் புல்வெளிகளில்தான். அரேபிய வணிகர்கள் இங்கே கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து மிச்சம். 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் பூங்காவைப் பராமரிப்பது உண்மையில் குதிரையும் மாடும்தான் என்பது என் எண்ணம். அவை ஒட்ட மேய்ந்து வைக்கிற இடத்தில்தான் வானம்பாடியும் ஆக்காட்டியும் நிற்கின்றன. புல் முழங்காலுக்கு வளர்ந்த இடங்களில் ஒன்றுமே இல்லை. அதனால் குருவியைத் தேடாமல் முதலில் மந்தையைத் தேடினேன், பலன் கிடைத்தது.

ஒரு ஆண் குதிரையும் பெட்டைகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம். ஒவ்வொரு குதிரையின் முன்காலுக்கும் பக்கத்தில் ஒரு உண்ணிக்கொக்கு. குதிரை காலை எடுத்து வைக்க, புல்லிலிருந்து வெட்டுக்கிளி கிளம்பும். கொக்கு கழுத்தை ஒருமுறை ஆட்டிவிட்டு டக்கென்று கொத்தும். தனியாக நடந்து தேடுவதைவிட இதில் அலைச்சல் குறைவு, தீனி அதிகம். ஒரு குதிரை முதுகில் இரட்டைவால் குருவி. அது இறங்கி நடப்பதே இல்லை, பறக்கிற பூச்சியை மட்டும் போய்ப் பிடித்துக்கொண்டு திரும்பவும் முதுகுக்கே வந்தது.

ஆக்காட்டிதான் தரவையின் பெரிய சிக்கல். ஒன்று கத்தினால் மற்றதெல்லாம் உஷார். மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஐயா, "தம்பி, என்ன தேடுறீங்கள்?" என்றார்.

"ஆக்காட்டி பாக்க வந்தனான் ஐயா."

"அது உங்களை எப்பவோ பாத்திட்டுது."

சரிதான். குட்டைத் தண்ணீர் ஓரத்தில் நின்றது சிவப்பு மூக்கு ஆக்காட்டி. தண்ணீரே இல்லாத காய்ந்த மேட்டில், சத்தம் போடாமல் நின்றது மஞ்சள் மூக்கு ஆக்காட்டி. இரண்டும் ஒரே வெளியில் இருந்தாலும் இடத்தைப் பிரித்து வைத்திருக்கின்றன. நிற்கிற இடத்தை வைத்தே பாதி முடிவு சொல்லிவிடலாம்.

என்னிடம் இருப்பது 8×42 தொலைநோக்கி. எட்டு மடங்கு போதாது, பத்து வாங்கு என்று பலர் சொல்வார்கள். தரவையில் வெயில் ஏறினால் கானல் துடிக்கத் தொடங்கும். பத்து மடங்கில் அந்தத் துடிப்பும் சேர்ந்துதான் பெருக்கும். பத்து மணிக்குப் பிறகு தூரத்துக் குருவியை விட்டுவிட்டு, பற்றை நிழலில் உட்கார்ந்து கிட்ட வருவதைப் பார்ப்பதுதான் நல்லது. குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலியைத் திறந்து பார்த்தேன். அதற்குக் கேட்டது காற்று மட்டும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் சாம்பல்தலை வானம்பாடி. ஆண் குருவிக்கு உச்சி சாம்பல், கண்ணை வெட்டிக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு, அடிவயிறு முழுக்கக் கறுப்பு. நேரே மேலே ஏறி, சிறகை மடக்கிக் கல் விழுவதுபோல் விழுந்தது. விழும்போதே நீளமாக ஒரு சீழ்க்கை. தரையில் மோதிவிடும் என்று நினைக்கிற நேரத்தில் சிறகை விரித்து மறுபடி மேலே. பெட்டை பக்கத்தில் மண் நிறத்தில் குந்தியிருந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தது, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பனைக்கூட்டத்தில் வட்டு இல்லாத மொட்டைப் பனை ஒன்றின் உச்சியில் பனங்காடை. பனை இலைக்குக் கீழே கூடு ஒட்டுகிற பனை உழவாரனும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. குடாநாட்டில் ஷெல் பட்டு வட்டுப் போன பனைகளைப் பார்க்கும்போது வரும் வயிற்றெரிச்சலுக்குக் கொஞ்சம் ஆறுதல், அப்படிப்பட்ட பனைகளில் இந்தக் காடையும் கிளியும் குடியிருக்கும் என்பது.

பின்னேரம் கரையோரமாக நடந்தபோது வெளிர் மணலில் சின்ன உப்புக்கொத்திகள், ஓடி ஓடி நின்றன. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுவதும் வாழும் இவற்றைக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவு என்றே எழுதி வந்தோம். 2023இல் தனி இனம் என்று பிரித்து அனுமான் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். இராமர் பாலப் பக்கத்துக் குருவிக்குப் பொருத்தமான பெயர்தான். பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் இவற்றை அந்தப் புதுப் பெயரிலேயே பதிந்தேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. தரவையில் கண்ட நெட்டைக்காலிகளில் (பிபிட்) ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இங்கேயே இருக்கும் வயல் நெட்டைக்காலியா, குளிர்காலத்தில் சைபீரியப் பக்கமிருந்து வரும் ரிச்சர்ட் நெட்டைக்காலியா? குரல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்; ரிச்சர்ட் கிளம்பும்போது கரகரத்துக் கத்தும். இது வாயே திறக்காமல் எழும்பிப் போனது. பட்டியலில் வெறும் நெட்டைக்காலி என்று போட்டுவிட்டு, தீவின் இறங்குதுறையான மாவிலித்துறைக்குப் போய்ப் பின்னேர லாஞ்சைப் பிடித்தேன். பங்குனிக்குள் இன்னொருமுறை போகவேண்டும், குரல் பதிகிற மைக்கோடு.