40 மாதத்தில் 24: மாமாவின் டயாலிசிஸுக்கு சொக்சோ வாங்கிய கதை

டயாலிசிஸுக்குப் பணத்துக்கு எங்கே போவது என்று என்னிடம் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மாமாவுக்காக அலைந்ததை மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சொக்சோ (சம்பளத்தில் சந்தா பிடிக்கும் மலேசியச் சமூகக் காப்புறுதி நிறுவனம்) அதிகாரியும் இல்லை. செந்தூலில் ஒரு சின்ன அலுவலகத்தில் மற்ற கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறவள். அந்த வேலை எவ்வளவு உதவியது என்பது போகப் போகத் தெரியும்.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி, வயது 46. பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். தோட்டம் கைமாறியதும் குடும்பம் கோலாலம்பூருக்கு வந்தது. லோரியில் கிளினர், அப்புறம் டிரைவர், கொஞ்ச காலம் சொந்த லோரி, அது கடனில் போனதும் மோன் கியாராவில் ஒரு கொண்டோவில் (வசதியானவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு) காவல் வேலை. 12 மணி நேர ஷிப்ட், பெரும்பாலும் இரவு.

இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பது அவருக்குப் பத்து வருஷத்துக்கு முன்பே தெரியும். மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "வாயைக் கட்டவில்லை, கிளினிக்குக்குப் போகவில்லை, அதான் இப்படி" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்க கிளினிக்கில் ஒரு தடவைக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்), மருந்தும் அதற்குள் அடக்கம். அதற்குக்கூடப் போகாதவரை என்ன சொல்வது என்று எனக்கும் தோன்றியதுண்டு. அவர் சொன்ன கணக்கு வேறு.

"கிளினிக்ல ஒரு வெள்ளிதான்மா. இரவு வேலை முடிஞ்சு ஏழரைக்குப் போயி நம்பர் எடுத்தா, இரத்தம் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்க மத்தியானம் ஆயிடும். எப்பத் தூங்குறது? லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் போச்சு, அந்த மாச வருகை அலவன்சும் போச்சு. அந்த ஒரு வெள்ளி எனக்கு நூறு வெள்ளிம்மா."

வழக்கமான பரிசோதனைக்குப் போனால் கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) தரமாட்டார்கள், டைம் ஸ்லிப்தான் தருவார்கள். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இங்கே இருந்தார் என்று ஒரு துண்டுச் சீட்டு. அலுவலக வேலை செய்கிற நாம் அதைக் காட்டிவிட்டு மதியம் வேலைக்குத் திரும்பலாம், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. காவல் கூண்டில் ஆள் இல்லையென்றால் இன்னொருவரைப் போட்டாக வேண்டும், அதனால் மாமாவின் சூப்பர்வைசர் டைம் ஸ்லிப்பை வாங்கிக் கொள்ளவே மாட்டார். மருந்தை அஞ்சலில் வரவழைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் இரத்தத்தை அஞ்சலில் அனுப்ப முடியாதே.

அதே கொண்டோவில் ஒரு தமிழர் குடியிருக்கிறார், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், 60ஐத் தாண்டிவிட்டார். அவருக்கும் நாற்பது வயதிலேயே இனிப்பு நீர் வந்துவிட்டது. ஆனால் அவருக்குக் கம்பெனியே பணம் கட்டும் பேனல் கிளினிக், வருஷத்துக்கு ஒரு முழுப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் தெரிய ஆரம்பித்த உடனேயே மருந்து மாற்றம். இன்றைக்கும் காலையில் வேகநடை போகிறார், மாமாதான் கதவைத் திறந்துவிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே இனம், கிட்டத்தட்ட ஒரே வயதில் வந்தது. இந்தியர்களுக்கு இது இரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களிடம் இவரைத்தான் காட்டுவேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய், இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. பரம்பரைக்கு அதில் பங்கு இருக்கிறதுதான். ஆனால் நோய் வந்தபிறகு யார் 46இல் படுக்கிறார், யார் 60க்குமேல் நடக்கிறார் என்பதைப் பரம்பரை மட்டும் தீர்மானிப்பதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மாமாவுக்குக் கால் வீங்கியது, நின்று நின்று வேலை பார்ப்பதால் என்று நினைத்தார். அப்புறம் படுத்தால் மூச்சு முட்டியது. அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோன அன்றே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இனிமேல் வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்று டாக்டர் சொன்னபோது அத்தை கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாசத்துக்கு டாக்டர்?"

ஆஸ்பத்திரியில் முடிந்தவரை பார்த்தார்கள், ஆனால் அங்கேயே நிரந்தர இடம் கிடையாது. வீட்டிலேயே வயிற்றுக் குழாய் வழியாகச் செய்கிற முறை ஒன்று இருக்கிறது, செலவும் அலைச்சலும் குறைவு. டாக்டர் முதலில் அதைத்தான் சொன்னார். அதற்கு ஒரு நாளைக்கு நாலு தடவை பை மாற்றவேண்டும், கதவை மூடி, காற்றாடியை நிறுத்தி, கையைச் சுத்தமாகக் கழுவி. மாத இருப்புப் பெட்டிகளை அடுக்கவே ஓர் அறை தேவை. மாமா குடியிருப்பது மூன்று அறை அடுக்குமாடி வீடு, பாட்டியையும் சேர்த்து ஏழு பேர். மிஸ்ஸி (தாதி) வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஏழு பேர் என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

வெளியே தனியார் மையங்களில் விசாரித்தோம். ஒரு தடவைக்கு 200 வெள்ளிக்குமேல், ஊசி தனி. மாதத்துக்கு 13 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள், மாமாவின் சம்பளத்தைவிட அதிகம். ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பணத்தை நோய்ச் செலவுக்கு எடுக்கலாம் என்றார்கள், எடுக்கத்தான் அங்கே ஒன்றுமில்லை. கோவிட் காலத்தில் சேமிப்பை எடுக்க அனுமதித்த ஐ-சினார், ஐ-சித்ரா திட்டங்கள், 2022இல் அந்த 10,000 வெள்ளி என்று மூன்று முறை எடுத்துத் தின்று முடித்தாயிற்று. முதல் சில வாரங்களை அத்தையின் நகை ஓட்டியது. ஈப்போ சாலை அடகுக்கடைச் சீட்டுகள் இன்னும் என் பையில்தான் இருக்கின்றன.

அந்த நேரத்தில் உருப்படியாக வழிகாட்டியவர் ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப் பணி அதிகாரி. வார்டு மிஸ்ஸியிடம் கேட்டால் அனுப்பிவைப்பார்கள், நீங்களாகக் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை, மின்கட்டண பில், பிள்ளைகளின் வருமானம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தேசிய சிறுநீரக அறநிறுவனம் போன்றவற்றின் மையங்களில் கட்டணம் குறைவு, ஆனால் காத்திருப்போர் வரிசை நீளம். எங்கே விண்ணப்பித்தாலும் ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை முடிவு கேட்பார்கள், முன்கூட்டியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: "சொக்சோ கட்டியிருக்கிறாரா?"

நம்மில் பலர் சொக்சோவை வேலையில் அடிபட்டால் கிடைக்கும் பணம் என்று மட்டுமே நினைக்கிறோம். இயலாமைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, நோயால் வேலை செய்ய முடியாமல் போனாலும் பென்ஷன் உண்டு. சந்தாத் தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவையும் மையத்துக்கே நேரடியாகக் கட்டிவிடுவார்கள், வரம்புக்கு மேல் மையம் கேட்பது மட்டும் நம் கைக்காசு. தகுதி இதுதான்: 60 வயதுக்குள் இருக்க வேண்டும், இயலாமை நோட்டீஸ் (அதற்கான விண்ணப்பம்) சொக்சோவுக்குக் கிடைத்த மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதங்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் முதன்முதலில் சந்தா கட்டிய நாளிலிருந்து கணக்குப் பார்க்கும் வேறு வழியும் இருக்கிறது, அதிலும் 24 மாதத்துக்குக் குறையக்கூடாது.

முழு ஆட்டமும் அந்த 40 மாதத்தில்தான் இருக்கிறது. ஆள் படுத்துவிட்டால் சம்பளம் நின்றுவிடும், சந்தாவும் நின்றுவிடும். குடும்பம் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அலைந்துகொண்டிருக்கும்போது அந்த 40 மாதக் கணக்கிலிருந்து சந்தா கட்டிய பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே இருக்கும், புதிதாகச் சேர்வது காலி மாதங்கள். உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் கிடைக்கவேண்டியது கைநழுவிப் போகலாம். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சொக்சோ கவுண்டரில் சந்தாப் பதிவை அச்சிட்டுக் கொடுத்தார்கள். எண்ணினேன். 40 மாதத்தில் 19.

காவல் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. ஒப்பந்தம் முடிந்தால் வேறு கம்பெனி வரும், மாமா அதே கூண்டில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார், சட்டையில் பெயர்தான் மாறும். நல்லவேளையாக அத்தை சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். இரண்டாவது கம்பெனியின் சீட்டுகளில் மாதாமாதம் சொக்சோ பிடித்தம் இருந்தது, சொக்சோ பதிவிலோ அந்த மாதங்கள் எல்லாம் வெற்றிடம்.

கம்பெனி பிடித்ததைக் கட்டாமல் விழுங்கிவிட்டது என்றுதான் முதலில் எல்லாரும் கத்தினார்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, ஏனென்றால் ஈ.பி.எஃப். கணக்கறிக்கையில் அதே மாதங்களுக்கு அதே கம்பெனி பணம் கட்டியிருந்தது. ஒன்றைக் கட்டி மற்றதைக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டுதான், ஆனால் அடையாள அட்டை எண்ணை ஒருமுறை தப்பாகத் தட்டினால் மாதாமாதம் அதே தப்பு போய்க்கொண்டிருக்கும் என்பதை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். அதுதான் நடந்திருந்தது. கடைசி நான்கு எண்களில் இரண்டு இடம் மாறி, மாமாவின் எட்டு மாதச் சந்தா யாருக்கும் சொந்தமில்லாத ஓர் எண்ணில் கிடந்தது.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரத் தங்கை ஒரு நல்ல காரியம் செய்தார். "அக்கா, திருத்தத்துக்குக் காத்திருக்காதீர்கள், நோட்டீஸை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், தேதி பதிவாகட்டும்" என்று மலாயில் சொல்லி அங்கேயே பாரத்தை எடுத்துத் தந்தார். கொடுத்தோம். அப்புறம் அந்தப் பழைய கம்பெனியிடமிருந்து உறுதிக் கடிதம் வாங்குவதுதான் பாடு. அந்தக் கிளையை மூடிவிட்டார்கள், தொலைபேசியில் ஆளுக்கு ஆள் கைகாட்டினார்கள். கடைசியில் நானே கடிதத்தைத் தட்டச்சு செய்து, சம்பளச் சீட்டையும் ஈ.பி.எஃப். அறிக்கையையும் இணைத்து, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று கொண்டுபோய் நீட்டினேன். போட்டார்கள். 19 என்பது 27 ஆயிற்று.

அனுமதி வந்த பிறகு மற்றது ஓரளவு சுலபம். சிறுநீரக நிபுணர் அறிக்கை எழுதித் தந்தார், சொக்சோ பேனலில் உள்ள மையத்தில் சாயங்கால ஷிப்டில் இடம் கிடைத்தது. பென்ஷனுக்கு மட்டும் மருத்துவக் குழு முன்னால் போக வேண்டும். அவரைப்போல் வேலை செய்யும் ஆரோக்கியமான ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இனி அவரால் சம்பாதிக்க முடியாது என்று அவர்கள் முடிவு செய்யவேண்டும். கிடைக்கும் பென்ஷன் சராசரிச் சம்பளத்தில் 50இலிருந்து 65 விழுக்காடு வரை. இடது கையில் டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து அறுவை செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கு அடியில் இரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு அதைத் தொட்டுப் பார்ப்பது ஒரு விளையாட்டாகிவிட்டது.

எனக்கு உறுத்துவது அந்த 24தான். மாமா இன்னும் சொந்த லோரியே ஓட்டிக்கொண்டிருந்தால் இது எதுவும் கிடைத்திருக்காது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு 2017 சட்டத்தில் கொண்டுவந்த சொக்சோ பாதுகாப்பு வேலையில் ஏற்படும் விபத்துக்கும் வேலையால் வரும் நோய்க்கும்தான், இனிப்பு நீரால் போன சிறுநீரகத்துக்கு இல்லை. லோரி, டாக்சி, உணவு விநியோகம், அங்காடிக் கடை என்று நம் ஆட்கள் எங்கே அதிகம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். என்ன வேலையில் இருக்கிறோம் என்பது உடம்பிலும் தெரியும். லண்டனில் 1967இல் தொடங்கிய ஓர் ஆய்வு அரசாங்க ஊழியர்களையே வைத்துப் பார்த்தது, எல்லாருக்கும் இலவச மருத்துவம், யாரும் பட்டினி கிடையாது, அப்படியும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது மேல்நிலை அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். புகைப்பதையும் கொழுப்பையும் கழித்த பிறகும் பெரும் வித்தியாசம் மிச்சம் இருந்தது. அங்கேயே அப்படியென்றால் டைம் ஸ்லிப்பை வாங்கிக்கொள்ளாத கூண்டில் எப்படி இருக்கும்?

அத்தைக்கு 43 வயது. எஸ்.டி.ஆர். (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க உதவித்தொகை) பெறும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு, தனியார் கிளினிக்குகளிலேயே செய்கிறார்கள், இரவிலும் திறந்திருக்கும் கிளினிக்குகள் அதில் இருக்கின்றன. வேலை முடிந்து எட்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை விளிம்பில் இருக்கிறது. மருந்து ஆரம்பித்தாயிற்று.

மாமாவோடு வேலை செய்த காவலர்கள் இப்போது ஒவ்வொருவராகத் தங்கள் சந்தாப் பதிவை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வரட்டும், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் ஈ.பி.எஃப். அறிக்கையும் சம்பளச் சீட்டும் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.