ஒன்பது நாள் காத்திருந்த எழுத்துரு

எங்கள் அலுவலகத்தில் பேக்கேஜ் கட்டுவதற்கு, அதாவது மூல நிரலை நிறுவக்கூடிய மென்பொருளாக மாற்றும் ‘பில்ட்’ வேலைக்கு, இரண்டே இரண்டு மெஷின்கள், ஆர்ம் வகைச் சிப் உள்ளவை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சின்ன டிஸ்ப்ளே கருவிகளுக்காக நாங்கள் மாற்றி வைத்திருக்கும் பேக்கேஜ்கள் எல்லாம் அவற்றில்தான் பில்ட் ஆகும். வரிசைக்குப் பொறுப்பு நான். முதலில் வந்தது முதலில் போகும், அவ்வளவுதான் விதி. இரண்டு வருடம் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இணையத் தகவலைக் குறியாக்கிப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஒரு மெஷினில் குரோமியம் பிரவுசர், இன்னொன்றில் செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் க்யூடி வெப்எஞ்சின். இரண்டுமே காலையில் ஏறியவை, நள்ளிரவு தாண்டாமல் இறங்காது. வரிசையில் முன்னால் வேறு சில நின்றிருந்தன. அரை மணி நேர வேலை, சனிக்கிழமை மதியம் வரை வாசலிலேயே கிடந்தது. ஓடுகிற ஒன்றை நிறுத்தியிருக்கலாம்; பதினோரு மணி நேரம் ஓடிய குரோமியத்தைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை ஸ்கோர் முறைக்கு மாறினேன்: மதிப்பெண் அதிகம் உள்ளது முதலில் போகும். பேக்கேஜை அனுப்புகிறவர் மாற்றங்களை எழுதும் சேஞ்ச்லாகில் அவசரம் ‘ஹை’ என்று இருந்தால் 200 மதிப்பெண் கூடுதல். ஒரே மாதத்தில் எல்லோரும் ‘ஹை’ போட ஆரம்பித்துவிட்டார்கள், எழுத்துப்பிழை திருத்தத்துக்குக்கூட. உபுண்டு லினக்ஸுக்குப் பேக்கேஜ் கட்டும் லாஞ்ச்பேட் தளம் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று அதன் நிரலைத் திறந்து பார்த்தபோது சிரிப்பு வந்தது. அங்கே அவசரம் என்று அலறினாலும் கிடைப்பது அதிகபட்சம் 20தான். பேக்கேஜ் ‘மெயின்’ என்ற முதன்மைப் பகுதியில் இருந்தாலே 1000. அனுப்புகிறவர் தன் வேலைக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அதைச் சரிசெய்வதற்குள் டெஸ்டிங் அக்கா வந்து நின்றார். “தம்பி, அந்தத் தமிழ் எழுத்துரு என்னதான் ஆச்சு?”

லாகைப் பார்த்தேன். இரண்டு நிமிட பில்ட், ஒன்பது நாளாகக் காத்திருக்கிறது. மூன்றாம் இடம் வரை வரும், அடுத்தடுத்துச் சில ‘ஹை’ உள்ளே நுழையும், மறுபடி ஏழாம் இடம். டெபியனின் பில்ட் வரிசையைக் கவனிக்கும் வான்னா-பில்ட்டிலும் ஒரு காலத்தில் மற்ற எல்லாம் சமமாக இருந்தால் பெயரின் அகரவரிசையில்தான் எடுப்பார்களாம். இசட்டில் தொடங்கும் பேக்கேஜ் வைத்திருந்தவர்கள் என்ன பாடு பட்டார்களோ!

சரி, காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு மதிப்பெண் என்று வைத்தேன். பிறகுதான் உறைத்தது: 200ஐ எட்ட 200 மணி நேரம், அதாவது எட்டு நாளுக்கு மேல். பெரிய சாதனை! மணிக்குப் பத்தாக மாற்றியதும் எழுத்துரு அன்று மாலையே முடிந்தது.

ஆனால் என்னை உண்மையில் திணறடித்தது வேறு. ஒருநாள், இணையத்திலிருந்து தகவலை இறக்கும் கர்ல் என்ற நிரல் வரிசையின் உச்சியில் இருந்தது. அதற்குத் தேவையான புது லைப்ரரியோ அடியில் கிடந்தது. மெஷின் கர்லை எடுக்கும், லைப்ரரி இல்லை என்று தோற்கும், திரும்ப உச்சியில் வைக்கும், மறுபடி எடுக்கும். காலையில் வந்து எண்ணினால் 41 முறை. டெபியனில் இதற்கென்றே ‘டெப்-வெய்ட்’ என்று தனி நிலை உண்டு. தேவையானது வரும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கூடவே, காத்திருக்கும் கர்லின் ஸ்கோரை லைப்ரரிக்கும் கொடுத்தேன். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும், முக்கியமான வேலை ஒன்று அடியில் கிடந்த வேலைக்காகக் காத்து நின்ற இதே மாதிரிச் சிக்கலால்தான், மருந்தும் இதே மாதிரி முன்னுரிமையைக் கடன் கொடுப்பதுதான். என் சிக்கல் செவ்வாயில் இல்லை, பக்கத்து அறையில் இருந்தது என்பதில் ஒரு நிம்மதி.

இப்போது ஒரு மெஷினை ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலைகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். குரோமியத்தைப் பார்த்துக்கொள்பவர் பாதி மெஷினைப் பிடுங்கிவிட்டதாக இன்னும் முறைக்கிறார். போன வாரம் இன்னொரு ஓபன்எஸ்எஸ்எல் திருத்தம் வந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது முடிந்திருந்தது.